கார் கம்பெனிக்குப் புதுத் தலைவர்: நம்பி டை செய்யலாமா?

நட்டத்தில் ஓடும் கார் கம்பெனிக்குப் புதிய தலைவர் வந்தால் பங்குச் சந்தை இரண்டு நாள் துள்ளும். அவர் எந்த நாட்டுக்காரர், காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார் என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதும். அந்தக் கம்பெனிக்காகத் தகட்டை வளைத்துக் கொடுக்கிற சிறு பட்டறைக்காரனின் கவலை வேறு. அவன் வாங்கிய கடன், செய்து வைத்த டை (தகட்டை வடிவமாக்கும் அச்சு), அடுக்கி வைத்த சரக்கு எல்லாமே அந்தப் புதியவரின் முதல் அறிக்கையை எதிர்பார்த்து நிற்கின்றன.

என் தங்கை மகன் அம்பத்தூரில் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப் வைத்திருக்கிறான். கார் கம்பெனிக்கு நேரடியாகக் கொடுப்பதில்லை. இருக்கை செய்யும் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு பிராக்கெட் என்ற தாங்கித் தகடு அடித்துக் கொடுக்கிறான். அந்த இருக்கைகள் போய்ச் சேரும் கார் கம்பெனி சில ஆண்டுகளாகத் தள்ளாடுகிறது. இப்போது அங்கே புதிய தலைவர். புது மாடலுக்கு விலை கேட்டிருக்கிறார்கள். டை செய்யவும் கூடுதலாக ஒரு பிரஸ் வாங்கவும் கடன் வேண்டும். "அம்மான், போடலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றான். நான் காரைக்குடியில் கணக்குத் தணிக்கை செய்பவன். ஒரே வார்த்தையில் பதில் சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலுக்குக் கிடையாது.

ஈடு காட்ட ஊரில் வீடு இருக்கிறதே என்று அவன் அப்பச்சி, அதாவது அப்பா, யோசனை சொன்னார். பள்ளத்தூர் வீட்டில் அவர்களுக்குப் பதினாறில் ஒரு பங்கு. முகப்பிலிருந்து கடைசிக் கட்டு வரை பர்மாத் தேக்குதான். ஆனால் பதினாறு கையெழுத்தையும் திரட்டி முடிப்பதற்குள் அந்த மாடலே சந்தையை விட்டுப் போய்விடும். ஆகவே போடப்போகும் பணம் முழுக்க அவன் சொந்தக் கழுத்துக்குச் சுருக்கு. அதனால்தான் கொஞ்சம் நிதானமாகவே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தலைவரை மாற்றித் தொழிலை நிமிர்த்துவது செட்டிநாட்டுக்குப் புதிய செய்தி அல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த நகரத்தார் வட்டிக்கடைகளுக்கு, முதலாளிக்காகக் கடையை நடத்தும் மேலாள் போனது மூன்று ஆண்டுக் கணக்கில். அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அவருக்குக் கீழே. முதலாளி ஊரில் இருப்பார். கடையின் ஐந்தொகை, அதாவது சொத்தும் கடனும் காட்டும் கணக்கு, கடல் தாண்டி அவர் கைக்கு வரும். தவணை முடிந்ததும் அடுத்த மேலாள் போய்க் கணக்கை ஏற்றுக்கொள்வார். வரக்கூடிய கடன் எது, வராத கடன் எது என்று அவர் முதலிலேயே பிரித்துவிட வேண்டும். பிரிக்காமல் ஏற்றுக்கொண்டால் முன்னவரின் பாவம் முழுவதும் இவர் தலையில். கார் கம்பெனிகளின் மீட்புத் திட்டங்களைப் படிக்கும்போது நான் இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன்.

தள்ளாடும் கார் கம்பெனிகளுக்குத் தலைவராக வந்தவர்கள் கையாண்ட வழிகள் நான்கு: வெட்டுவது, அடமானம் வைப்பது, அரசிடம் போவது, இன்னொருவரிடம் ஒப்படைப்பது.

வெட்டுவதில் பெயர் பெற்றவர் கார்லோஸ் கோஸ்ன். 1999 மார்ச்சில் பிரான்சின் ரெனால்ட் நிறுவனம் ஜப்பானின் நிசானில் 36.8 சதவீதப் பங்கை வாங்கி அவரை அனுப்பியது. அக்டோபரில் திட்டத்தை வெளியிட்டார்: 5 ஆலைகளை மூடுவது, 21,000 வேலைகளைக் குறைப்பது, மூன்று ஆண்டில் கொள்முதல் செலவில் 20 சதவீதத்தைக் கழிப்பது, கடனை 70,000 கோடி யென்னாகப் பாதியாக்குவது. அடுத்த நிதியாண்டே லாபம் காட்டாவிட்டால் தானும் மேல்மட்டக் குழுவும் விலகுவதாகச் சொன்னார். 1999 நிதியாண்டில் 68,400 கோடி யென் நட்டம். அடுத்த ஆண்டு 33,100 கோடி யென் லாபம். சொன்ன கெடுவுக்கு ஓராண்டு முன்பாகவே, 2002 மார்ச்சில், எல்லாவற்றையும் முடித்துக் காட்டினார்.

பத்திரிகைகள் வியந்து எழுதிய இந்தக் கணக்கில் என் மருமகன் பார்க்க வேண்டிய வரி வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் திட்டப்படி, உதிரிபாகமும் மூலப்பொருளும் கொடுத்த 1,145 நிறுவனங்கள் 600 ஆகக் குறைய வேண்டும். ஏறத்தாழப் பாதிப் பேர் வெளியே. ஜப்பானில் கார் கம்பெனியும் அதன் சப்ளையர்களும் ஒருவர் பங்கை ஒருவர் வைத்துக்கொண்டு சம்பந்திகள் போல இருந்த காலம் அது. அந்தப் பங்குகளை விற்றுக் காசாக்கினார் கோஸ்ன். எஃகு வாங்குவதையும் ஒரு சில ஆலைகளோடு சுருக்கினார். என்.கே.கே.யும் கவாசாகி ஸ்டீலும் 2002-இல் ஒன்று சேர்ந்ததற்கு அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம் என்பார்கள். இரும்பாலைக்கே அந்தக் கதி என்றால் அம்பத்தூர்ப் பட்டறை எம்மாத்திரம்? ஆனால் உள்ளே தங்கிய 600 பேருக்கு ஆர்டர் பெருகியது என்பதையும் மறைக்கக் கூடாது. வெட்டுகிற தலைவரிடம் சப்ளையர் கேட்க வேண்டியது, "நான் எந்தப் பக்கம்?" என்ற ஒரு கேள்விதான்.

அதே நிசானுக்கு 25 ஆண்டு கழித்து மறுபடியும் அதே நோய். 2025 ஏப்ரல் 1 அன்று இவான் எஸ்பினோசா பொறுப்பேற்றார். மெக்சிகோக்காரர், 2003 முதல் நிசானிலேயே இருந்தவர், புதிய கார்களைத் திட்டமிடும் பிரிவுக்குத் தலைமை வகித்தவர். மே மாதம் அறிவித்த 2024 நிதியாண்டின் நட்டம் 67,090 கோடி யென். 20,000 வேலைகள் குறைப்பு, 17 ஆலைகளை 10 ஆக்குவது, 1961 முதல் ஓடும் ஒப்பாமா ஆலையில் கார் உற்பத்தியை 2027 நிதியாண்டின் முடிவில் நிறுத்துவது என்று பட்டியல் நீண்டது. யோகோஹாமாவில் இருக்கும் தலைமை அலுவலகக் கட்டடத்தை விற்று, அதிலேயே வாடகைக்கு இருக்கவும் முடிவு செய்தார்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவர்கள் இந்தப் பட்டியலின் பொருளை உடனே புரிந்துகொள்வார்கள். தூண், கதவு, நிலை, பெல்ஜியம் கண்ணாடி என்று இடித்த வீடுகளின் சாமான்கள் கடை கடையாக அடுக்கியிருக்கின்றன. தூணை விற்பவனுக்கு அந்த ஆண்டு நல்ல வரவுதான். அடுத்த ஆண்டு விற்க என்ன மீதமிருக்கும் என்பதைப் பொறுத்தே அவன் பிழைப்பு.

ஆனாலும் எஸ்பினோசாவின் திட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. புதுக் கார் ஒன்றை உருவாக்கும் காலத்தைக் குறைப்பது: ஒரு குடும்பத்தின் முதல் மாடலுக்கு 37 மாதம், அதைத் தொடர்ந்து வருபவற்றுக்கு 30 மாதம். வெட்டுகிற கையில் வரைபடமும் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். நிசான் தேய்ந்ததும் இந்த இடத்தில்தான். உலகச் சந்தையில் பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் மின்கார்களில் ஒன்றான லீஃபை 2010-லேயே கொண்டுவந்தவர்கள், அந்த முன்னிலையைக் கைநழுவ விட்டார்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எங்கள் ஊரில் இருக்கிறது. அங்கே லித்தியம் மின்கல ஆராய்ச்சி நடக்கிறது. அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்: முதலில் கண்டுபிடிப்பவனுக்கும் கடைசிவரை விற்பவனுக்கும் இடையில் எவ்வளவு தூரம்!

அடுத்தது அடமானம். 2006 செப்டம்பரில் போயிங் விமான நிறுவனத்திலிருந்து ஃபோர்டுக்கு வந்தார் ஆலன் முலாலி. அந்த ஆண்டு ஃபோர்டின் நட்டம் 1,260 கோடி டாலருக்கு மேல். வந்த சில மாதங்களில் 2,360 கோடி டாலர் கடன் திரட்டினார்கள். ஈடாக வைத்தவற்றில் ஆலைகள் இருந்தன, காப்புரிமைகள் இருந்தன, நீல நிற முட்டை வடிவ ஃபோர்டு சின்னமே இருந்தது. ஊரில் இதைச் சொன்னால் தாலியை வைத்துக் கடன் வாங்கிவிட்டான் என்பார்கள். அப்போது பலர் அப்படித்தான் சொன்னார்கள். 2008-இல் உலக நிதிச் சந்தை உறைந்து யாருக்கும் கடன் கிடைக்காமல் போனபோது, அமெரிக்காவின் மூன்று பெரிய கார் கம்பெனிகளில் தாக்குப்பிடிக்கக் கையில் பணம் வைத்திருந்தது ஃபோர்டு மட்டுமே. 2009-இல் கிரைஸ்லர் ஏப்ரல் கடைசியிலும் ஜெனரல் மோட்டார்ஸ் ஜூன் முதல் தேதியும் திவால் நீதிமன்றத்துக்குப் போயின, ஃபோர்டு போகவில்லை. அந்த ஆண்டே 270 கோடி டாலர் லாபம். 2012-இல் சின்னம் ஈட்டிலிருந்து மீண்டது.

கடன் வாங்கியது பெரிதல்ல, யார் வேண்டுமானாலும் வாங்குவார்கள். அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதைப் பார்க்க வேண்டும். ஆஸ்டன் மார்ட்டினை 2007-லும், ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 2008-இல் டாடாவுக்கு 230 கோடி டாலருக்கும், வோல்வோவை 2010-இல் சீனத்து ஜீலிக்கும் விற்றுவிட்டு, ஃபோர்டு என்ற ஒரே பெயரின் அடுத்த கார்களில் கொட்டினார் முலாலி. விற்றவை நல்ல கார்கள்தான். தனக்கு அவற்றைக் காப்பாற்ற நேரமில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார், அவ்வளவுதான்.

இன்னொரு செய்தி, தணிக்கைக்காரனாக எனக்கு இனிப்பது. வாரந்தோறும் வியாழக்கிழமை மேல்மட்ட அதிகாரிகளின் கூட்டம். ஒவ்வொருவரும் தன் வேலைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுக்கொண்டு வர வேண்டும். கம்பெனி ஆயிரம் கோடிக் கணக்கில் டாலரை இழந்துகொண்டிருக்கையில் எல்லாத் தாளும் பச்சை. ஒரு வாரம் மார்க் ஃபீல்ட்ஸ் சிவப்பு போட்டு வந்தார்: கனடாவின் ஓக்வில் ஆலையில் எட்ஜ் காரின் பின்கதவுக் கோளாறு, அறிமுகத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்றார். வேலை போகப்போகிறது என்று மற்றவர்கள் நினைத்தபோது முலாலி கைதட்டினார். பிறகு மற்றவர்களின் தாளிலும் மெல்ல மெல்லச் சிவப்பு வந்தது. ஊரிலிருந்த முதலாளிக்கு ஐந்தொகையில் வராக் கடனை மறைக்காமல் எழுதி அனுப்பிய மேலாளைப் போன்றவர்கள் உருவானது அந்தக் கைதட்டலுக்குப் பிறகுதான்.

சப்ளையருக்கு இந்த வழி எப்படி? ஃபோர்டுக்கு அரசு உதவி தேவைப்படாத நிலையிலும், 2008 டிசம்பரில் முலாலி அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் போய், போட்டியாளர்களைக் காப்பாற்றச் சொன்னார். காரணம் எளிது: மூன்று கம்பெனிகளுக்கும் பாகம் கொடுப்பவர்களில் பெரும்பகுதியினர் ஒரே ஆட்கள். ஜெனரல் மோட்டார்ஸ் விழுந்தால் அவர்கள் விழுவார்கள். அவர்கள் விழுந்தால் ஃபோர்டின் ஆலையும் நிற்கும். சப்ளையரின் சாவு தன்னையும் தொடும் என்று உணர்ந்த தலைவரை நான் நம்புவேன். ஆனால் இதே ஃபோர்டுதான், முலாலி போய்ப் பல ஆண்டுகளுக்குப் பிறகு, இந்தியாவில் பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்று 2021 செப்டம்பரில் கைகழுவியது. மறைமலைநகர் ஆலையில் கார் செய்வது 2022-இல் நின்றது. தலைமையகம் பிழைப்பதும் நம் ஊர் ஆலை பிழைப்பதும் ஒன்றல்ல. மருமகனுக்கு இதை நான் இருமுறை சொன்னேன்.

அரசிடம் போகும் வழியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1978-இல் ஃபோர்டில் வேலை நீக்கப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் கிரைஸ்லருக்குப் போன லீ ஐயகோக்கா, 150 கோடி டாலர் வரை அரசின் கடன் உத்தரவாதத்துக்கு வழி செய்தார்; 1980 ஜனவரியில் சட்டமானது. தன் சம்பளத்தை ஆண்டுக்கு ஒரு டாலராக்கிக்கொண்டு தொழிலாளரிடம் விட்டுக்கொடுக்கச் சொன்னார். தொழிற்சங்கத் தலைவருக்கு இயக்குநர் குழுவில் இடம் கிடைத்தது. அந்தக் கடனை 1983-லேயே, ஏழு ஆண்டு முன்னதாகத் தீர்த்தார்கள். அவரைக் காப்பாற்றியது உத்தரவாதம் மட்டும்தானா? கே-கார் என்ற சிக்கனக் கார் 1980-இல் வந்தது, மினிவேன் 1983-இல் வந்தது. இவை இல்லாமல் அந்தக் கடனை எதைக் கொண்டு அடைத்திருப்பார்? எப்படியானாலும் நம் நாட்டில் தனியார் கார் கம்பெனிக்கு இப்படி ஒரு கை நீளும் என்று கணக்குப் போட்டு யாரும் டை செய்ய வேண்டாம்.

இன்னொருவரிடம் ஒப்படைப்பதில் வெற்றிக்கு எடுத்துக்காட்டு ஜெர்மனியின் ஓப்பல். ஜெனரல் மோட்டார்ஸ் கையில் 1999-க்குப் பிறகு லாபமே பார்க்காத கம்பெனி. கார்லோஸ் தவாரெஸ் தலைமையில் இருந்த பிரான்சின் பி.எஸ்.ஏ. 2017-இல் அதை நிதிப்பிரிவு உட்பட 220 கோடி யூரோவுக்கு வாங்கியது. மறு ஆண்டே செயல்பாட்டு லாபம். செய்தது என்ன? ஓப்பலின் கார்களைத் தன் அடித்தளத்துக்கு, அதாவது பல மாடல்களுக்குப் பொதுவான அடிச்சட்டகத்துக்கு, மாற்றியது. வெளியே ஓப்பல், உள்ளே பி.எஸ்.ஏ. வாங்கியவனுக்கு அருமையான வழி. பழைய சப்ளையருக்கு ஆபத்தான வழி. அடித்தளம் மாறினால் பிராக்கெட்டும் மாறும். வாங்கியவனுக்கு ஏற்கெனவே பிராக்கெட் அடிக்க ஆள் இருக்கும். வெட்டும் தலைவர் விலையைக் குறைக்கச் சொல்வார், இங்கே பாகமே வேண்டாம் என்பார்கள்.

அவன் அப்பச்சிக்கு இந்த வழியில் நம்பிக்கை அதிகம். பள்ளத்தூர்க்காரர் ஆயிற்றே, முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் 2020-இல், கணக்கு முறைகேட்டில் சிக்கிய சி.ஜி. பவரை எடுத்து நிமிர்த்தியதைச் சொல்லாமல் அவரால் காபி குடிக்க முடியாது. சொல்வதில் தவறில்லை. ஆனால் மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் செய்யும் கம்பெனிக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புது முகம் தேவையில்லை. காருக்குத் தேவை.

அந்தத் தேவையை மறந்தவர்களின் கதை பிரிட்டனின் ரோவர். 2000-இல் பி.எம்.டபிள்யூ அதை பீனிக்ஸ் என்ற குழுவிடம் 10 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. விலையைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. வாங்கியவர்களிடம் புதுக் கார் செய்யப் பணமில்லை. பழைய மாடல்களுக்கே மறுபடி மறுபடி முகப்பூச்சு. சிறிய கார் ஒன்று வேண்டும் என்றபோது புனேயில் செய்த டாடா இண்டிகாவைச் சிட்டிரோவர் என்று பெயர் மாற்றி விற்றார்கள். ஷாங்காய் நிறுவனத்தோடு நடந்த பேச்சு முறிந்து 2005 ஏப்ரலில் ஆலை நின்றது. 6,000 பேருக்கு வேலை போயிற்று. நமக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு: பெருங்களத்தூரில் ஹெரால்ட் காரைச் செய்த ஸ்டாண்டர்ட் மோட்டார். 1985-இல் ரோவரின் அழகான உடலை வாங்கி, உள்ளே மிகப் பழைய எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 என்று விற்றார்கள். 1988-இல் முடிந்தது.

இணைவுப் பேச்சு என்பதையே நம்பி எதையும் தொடங்கக் கூடாது என்பதற்கு ஹோண்டாவும் நிசானும் போதும். 2024 டிசம்பரில் கைகுலுக்கினார்கள். நிசானைத் துணை நிறுவனமாக்க ஹோண்டா கேட்டது. 2025 பிப்ரவரியில் பேச்சு முடிந்தது. அதே ஆண்டு சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்தில் ரெனால்டும் நிசானும் சேர்ந்து நடத்திய ஆலையில் நிசானுக்கிருந்த 51 சதவீதப் பங்கையும் ரெனால்ட் வாங்கிக்கொண்டது. நிசானின் மேக்னைட் கார் அங்கேதான் இன்னும் உருவாகிறது, ஆனால் ஆலையின் சாவி வேறு கையில்.

இவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால், சப்ளையர் கண்ணில் அடமான வழியை முதலில் வைப்பேன். வெட்டும் வழி, அடுத்த காருக்குத் தேதி சொல்லப்பட்டிருந்தால், இரண்டாவது. ஒப்படைக்கும் வழி மூன்றாவது. அடித்தளம் யாருடையது என்று தெரியும் வரை கடன் வாங்கவே கூடாது. அரசு வழியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வெளியாளா உள்ளாளா என்ற பெரிய விவாதத்துக்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. முலாலி விமானக்காரர், ஐயகோக்கா போட்டிக் கம்பெனியிலிருந்து வந்தவர், எஸ்பினோசா உள்ளாள். வந்தவர் வராக் கடனை வராக் கடன் என்று எழுதுகிறாரா, மிச்சமாகும் பணத்தில் எவ்வளவு அடுத்த காருக்கு என்று சொல்கிறாரா, இந்த இரண்டைத்தான் தேடுகிறேன்.

சொத்துப் பக்கம் கொழுத்துத் தெரிவதை நம்பாதே என்று எங்கள் பாட்டன்மார் பாடம் படித்தது கீழ்ப் பர்மாவில். 1930-இல் முக்கிய நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் 6 சதவீதம் செட்டியார்கள் கையில். விலைவீழ்ச்சியில் கடன் திரும்பாமல் நிலமாகவே வந்து சேர, 1937 வாக்கில் 25 சதவீதம். ஐந்தொகையில் அது செல்வம். போரும் நில தேசியமயமும் வந்து முடித்தபோது கையில் என்ன இருந்தது என்பதை இந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்தாலே தெரியும். ஓடாத ஆலையும் அப்படிப்பட்ட சொத்துதான். அதை முதல் ஆண்டிலேயே நட்டமாக எழுதித் தள்ளும் தலைவரைப் பார்த்து முகம் சுளிக்காதே, அவர் கணக்கு தெரிந்தவர் என்றேன் மருமகனிடம்.

அவனுடைய காரியத்துக்கு வருகிறேன். இந்தக் கம்பெனியின் புதுத் தலைவர் ஆட்குறைப்பைச் சொல்லியிருக்கிறார், புது மாடலின் மாதத்தைச் சொல்லவில்லை. ஆகவே: டைக்கான பணத்தில் பாதியை இருக்கை நிறுவனம் முன்பணமாகத் தர வேண்டும், டை அவர்கள் சொத்தாகவே இருக்கட்டும். புது பிரஸ் வேண்டாம். இருக்கிற பிரஸ்ஸில் இரவு ஷிப்டு ஓட்டிக்கொள்ளட்டும். விற்பனையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு மாடலை நம்பக் கூடாது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு கையில் இருப்பதால் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்பது சட்டம்; கெடு தாண்டி, நிதியாண்டு முடிவுக்குள்ளும் கொடுக்காவிட்டால் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட வாங்குபவருக்கு வருமான வரியிலும் வழியில்லை என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து ஆகிவிட்டது. 90 நாள் என்று ஆர்டரில் அச்சிட்டு வந்தால் அடித்துத் திருப்பி அனுப்பட்டும். கம்பெனி திவால் சட்டத்துக்குள் போனால் சரக்கு கொடுத்தவனின் வரிசை வங்கிகளுக்கு வெகு பின்னால். கழிவு போக என்ன வரும் என்று நான் பார்த்த கோப்புகளைச் சொன்னால் அவனுக்குத் தூக்கம் வராது.

முன்பணக் கேள்வியை அவன் மின்னஞ்சலில் கேட்டுவிட்டான். கொள்முதல் அதிகாரி பாதிக்கு ஒப்பவில்லை, 30 சதவீதம் தருகிறோம் என்கிறார். 40-க்குக் குறைந்தால் கையெழுத்துப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.